மூன்றாம் கூண்டுக்கும் ஒரு பங்கு

விழுப்புரம் தாண்டினால் எனக்கு வெளிநாடு. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவன் நான். என் முதுகில் ஏறிய முருங்கைக்காய் பார்த்த ஊர்களைக்கூட நான் பார்த்ததில்லை. படிப்பு மூன்றாம் வகுப்பு. அந்த வகுப்பிலேயே இரண்டு வருசம் உட்கார்ந்ததால், மூன்றாம் வகுப்பைப் பொறுத்தவரை மற்றவர்களைவிட நான் இரண்டு மடங்கு படித்தவன்.

இப்படிப்பட்டவன் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கிளம்பியதற்குக் காரணம் எலி.

கவரைப்பேட்டையில் என் அக்கா மல்லிகா இருக்கிறாள். திருப்பூரில் பனியன் தைக்கப் போன இடத்தில், கூட வேலை பார்த்த சாலமனைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு அவர் ஊருக்கே போய்விட்டாள். இப்போது அவளுக்குத் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் வேலை. சாலமன் மாமாவுக்குத் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு மருந்துக் கல்லூரியில் எலி பார்த்துக்கொள்ளும் வேலை. எங்கள் ஊரில் எலியைக் கொல்லத்தான் ஆள் கூப்பிடுவார்கள். சோறு போட்டுத் தண்ணீர் வைக்கச் சம்பளத்துக்கு ஆள் என்று கேட்டதும் நான் சிரித்த சிரிப்பில் செல்போன் கை நழுவியது.

ஒரு நாள் மாமா போனில் ஒரு விசயம் சொன்னார். “மாப்ள, இங்க ஒரு மஞ்ச மாத்திர குடுக்குறாங்கோ. கொடல் புண்ணுக்கு மனுசன் துன்ற மாத்திரதான். அத்த துன்னா ஆம்பள எலிக்கு வாரிசே நிக்க மாட்டேங்குது. அப்பால நீர்முள்ளின்னு ஒரு செடி, அத்தோட சாற குடுத்து திரும்ப தேத்துறாங்கோ.”

நான் சிரிக்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே மஞ்சள் மாத்திரை அட்டை இருந்தது. வயிற்றில் புண், ரத்தமாகப் போகிறது என்று ஏழு வருசமாக நான் சாப்பிடுகிறவன். மருந்துக் கடைக்காரரை மாமாவோடு பேசவைத்துப் பெயரை ஒத்துப் பார்த்தேன். அதே மாத்திரை.

எனக்கும் செல்விக்கும் கல்யாணமாகி ஆறு வருசம். குழந்தை இல்லை. அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு போகாத ஆஸ்பத்திரி இல்லை, அவள் பேரில் நேராத நேர்த்திக்கடன் இல்லை. எல்லா ரிப்போர்ட்டிலும் அவளுக்கு ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. கடைசியாக, வரும் வெள்ளிக்கிழமை திண்டுக்கல்லில் மயக்கம் கொடுத்து, வயிற்றில் ஓட்டை போட்டு உள்ளே பார்ப்பதாக நாள் குறித்திருந்தார்கள்.

எனக்கும் ஒரு தடவை பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு சின்ன மூடி டப்பாவைக் கையில் கொடுத்து, பாத்ரூமைக் காட்டினார்கள். டப்பாவோடு பின்வாசல் வழியாக ஓடிவந்துவிட்டேன். அதில் இப்போது வீட்டு ஊசிநூல் இருக்கிறது.

ஆக, செவ்வாய்க்கிழமைக்குள் எலி மருந்தில் கொஞ்சம் கடத்திவந்து, யாருக்கும் தெரியாமல் குடித்துவிட்டால், வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஏதாவது நடந்துவிடும் என்பது என் திட்டம். இரண்டு மடங்கு மூன்றாம் வகுப்பின் கணக்கு அது.

மாமாவிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. “என் கூட மூட்டை தூக்குற கருப்பசாமின்னு ஒரு நண்பன், மாமா. பாவம், அவனுக்குத்தான்” என்றேன். எங்கள் சந்தையில் கருப்பசாமி என்று யாரும் கிடையாது.

சனிக்கிழமை, சென்னையில் வடக்கே போகும் மின்சார ரயிலில் ஏறினேன். மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவது ஆளாக உட்காரும் வித்தையை அங்கேதான் கற்றேன். ஒரு பக்க இடுப்புக்குத்தான் இடம் கிடைக்கும். கொஞ்ச தூரம் இடது பக்கம், அப்புறம் வலது பக்கம் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். பொன்னேரியில் பாதிக் கூட்டம் இறங்கியது. முழுசாக உட்கார்ந்தேன். முழுசாக உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

கண் விழித்தபோது ஸ்டேசன் பலகையில் எழுத்தெல்லாம் ஜாங்கிரியாக இருந்தது. எனக்குத் தமிழ் எழுத்தே தட்டுத்தடுமாறித்தான் வரும். இது தமிழே இல்லை. எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

“இன்னா சொல்றாங்கன்னு தெரிதா?” என்றார் பக்கத்தில் இருந்த கம்பெனிச் சட்டைக்காரர். “‘தூங்கிக்கினே ஆந்திரா வந்துட்டான் பாரு, பொண்டாட்டி எழுப்பி உட்டாத்தான் வேலைக்கே போவான் போல’ன்னு சொல்லுதுங்கோ.”

தடா என்ற ஊர் அது. கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி எல்லாம் தாண்டி வந்திருக்கிறேன். ஒரே தூக்கத்தில் இரண்டாவது வெளிநாடு. கூடைக்காரப் பெண்களில் ஒருத்தி இரண்டு சப்போட்டாவைக் கையில் திணித்து, திரும்பும் ரயில் எந்தப் பக்கம் வரும் என்று கையால் காட்டினாள். சிரித்தவள்தான் பழமும் கொடுத்தாள். எங்கள் சந்தையிலும் அப்படித்தான், திட்டுகிற கிழவிதான் தக்காளி கொடுக்கும்.

கவரைப்பேட்டையில் மாமா வண்டியோடு நின்றார். உயரமான ஆள், குரல் இன்னும் உயரம். “வா மாப்ள! நெல்லூர் பாத்துட்டு வந்தியா? உன் பிரண்டு கருப்பசாமி எப்டி கீறாரு?”

“இருக்கான் மாமா. உங்களைக் கேட்டான்.”

“கேப்பாரு, கேப்பாரு” என்றார். நல்லவேளையாக அவர் ஹெல்மெட் போட்டிருந்தார். முகம் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. கோயிலுக்குப் போய்விட்டு வந்த மாமா என்னைப் பொன்னேரிப் பக்கம் கூட்டிப்போனார். கல்லூரியில் ஆராய்ச்சி பண்ணும் பெண் நிவேதா ஒரு மூட்டை நீர்முள்ளி கேட்டிருந்தாளாம். அறுப்பு முடிந்த நெல்வயல்கள், நடுவில் கால்வாய். அதன் ஓரத்தில் இடுப்பளவு செடி, ஊதாப் பூ, கணுவுக்குக் கணு முள். மூட்டை தூக்குகிறவனுக்கு முள் ஒரு விசயமா என்று கை வைத்தேன். விசயம்தான்.

வரப்பு மேலிருந்து ஒரு குரல். நிலத்துக்காரர். “யாருப்பா அது, கால்வாயில இன்னா பண்ணிகினு கீறீங்கோ?”

“நீர்முள்ளி புடுங்குறோம் நைனா. எலிக்கு.”

“எலிக்கா? கீற எலி போதாதா? என் நெல்லு பாதி அதுங்க வகுத்துலதான் போவுது. நீ மருந்து வேற குடுக்கறியா?”

“அதுங்களுக்குப் புள்ள பொறக்கறதுக்கு நைனா.”

நிலத்துக்காரர் துண்டை எடுத்து உதறினார். “அடப்பாவி! எலிக்குப் புள்ள இல்லன்னு எவன்யா அழுதான்?”

நான் குனிந்து செடியைப் பிடுங்கினேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது. அந்த இன்னொன்றை முள் குத்தியதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

அவர் திட்டிக்கொண்டே இறங்கிவந்து, எங்கள் மூட்டையில் தானும் நாலு செடி பிடுங்கிப் போட்டார். களை பிடுங்க ஆள் கிடைக்காத இடத்தில் நாங்கள் சும்மா வந்து பிடுங்குகிறோம் என்பது அவருக்குப் பாதியில்தான் உறைத்தது. “நாளைக்கும் வாங்கோ. அந்தாண்ட பக்கம் இன்னும் கீது” என்றார்.

மத்தியானம் அக்கா நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். பழவேற்காட்டு நண்டு. எங்கள் ஊரில் நண்டு என்றால் வயல் ஓட்டையில் இருக்கும் விரல் அளவு ஜீவன். இது தட்டை நிறைத்துக்கொண்டு கிடந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஓட்டோடு கடித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அக்கா பையன் எப்படித் தின்கிறான் என்று பார்ப்பதற்குள் என் பல்லில் இருந்து சத்தம் வந்தது.

“உடைச்சு சப்புடா. அப்டியே முழுங்கிடாத” என்றாள் அக்கா. அவள் பேச்சு பாதி எங்கள் ஊர், பாதி அந்த ஊர். கொஞ்ச நேரம் கழித்து, “செல்விக்கு வெள்ளிக்கிழமதான?” என்றாள்.

“ஆமா.”

“அவளுக்கு இத்தினி டெஸ்ட்டு எடுத்தீங்களே. நீ ஒண்ணாச்சும் எடுத்தியா?”

“எனக்கு எதுக்குக்கா? நான் நூறு கிலோ மூட்டை தூக்குறவன்.”

இந்தப் பதிலுக்கு எங்கள் சந்தையில் எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா சிரிக்கவில்லை. இன்னொரு நண்டை உடைத்து, சதையை மட்டும் எடுத்து என் தட்டில் வைத்தாள். அவ்வளவுதான். எனக்கு அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

கை கழுவும்போது மாமாவிடம் மெதுவாகக் கேட்டேன். “அந்தச் சாறு, தினமும் எலிக்குக் கொடுத்தது போக மிச்சம் இருக்குமா? கருப்பசாமிக்குக் கொஞ்சம் கொண்டுபோகலாம்னு.”

மாமா சொம்பை வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். “மிச்சமா? மிச்சமே வராது மாப்ள. கரெக்ட்டா பூடும்.”

கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறப் போகிற மனுசர் அவர். வாளியில் எவ்வளவு மிச்சம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அவரே தடுமாறியது எனக்கு வித்தியாசமாகப் பட்டது. எனக்குக் கொடுக்க மனசில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை மாமா வண்டியில் திருவள்ளூர் கிளம்பினோம். அவருக்கும் எனக்கும் நடுவில் நீர்முள்ளி மூட்டை. சாலையில் இரும்பு ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போயின. ஒவ்வொரு வேகத்தடைக்கும் மூட்டை எம்பி, என் தொடையில் கையெழுத்துப் போட்டது. பெரியபாளையத்துக்கு முன்னால் ஏதோ லாரியிலிருந்து விழுந்த இரும்புத் துண்டு குத்தி டயர் உட்கார்ந்துவிட்டது.

“பேஜாரா பூச்சே” என்றார் மாமா. “சரி, அவன் பஞ்சர் ஒட்டட்டும். வா, நாஷ்டா துன்னலாம்.”

இட்லி மேல் வடகறி ஊற்றிக் கொடுத்தார்கள். வடையை உதிர்த்துக் குழம்பு வைத்திருப்பது எனக்கு அநியாயமாகப் பட்டது. வாயில் போட்டதும் நியாயமாகிவிட்டது. நாலு இட்லிக்குச் சட்னி கேட்டு நாலு முறை எழுந்திருக்கும் எங்கள் ஊர்ப் பழக்கம் அங்கே தேவைப்படவில்லை. சாப்பிட்டு முடித்து, வழக்கம்போல திரும்பி உட்கார்ந்து மஞ்சள் மாத்திரையை யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டேன். எதிரே கண்ணாடி இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அதில் மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கல்லூரியின் பின்பக்கம் எலி வீடு. செருப்பைக் கழற்றி, தலைக்குத் தொப்பி, வாய்க்கு மூடி போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். என் மாமியார் வீட்டில்கூட இவ்வளவு மரியாதை எதிர்பார்த்ததில்லை. உள்ளே வரிசையாகக் கூண்டுகள், வெள்ளை வெளேரென்று எலிகள், சிவப்புக் கண். மரத்தூள் வாசனை, காற்றாடி ஓடும் சத்தம்.

நிவேதா சின்னப் பெண். அவள் அப்பா ஊத்துக்கோட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாராம். “வாங்கண்ணா, முள்ளு குத்துச்சா?” என்று கேட்டபடி மூட்டையை அவளே இறக்கினாள். தூக்கிய விதம் சரியாக இருந்தது. மூட்டை விசயத்தில் நான் யாரையும் லேசில் பாராட்டமாட்டேன்.

மூன்று கூண்டுகளைக் காட்டி எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். முதல் கூண்டு, எதுவும் கொடுக்காமல் சும்மா தின்று தூங்குகிறது. இரண்டாம், மூன்றாம் கூண்டு ஆண் எலிகளுக்கு மஞ்சள் மாத்திரை கொடுத்தார்கள். குட்டி நிற்கவில்லை. அப்புறம் மாத்திரையை நிறுத்திவிட்டு, இரண்டாம் கூண்டுக்கு நீர்முள்ளிச் சாறு, மூன்றாம் கூண்டுக்கு வெறும் தண்ணீர்.

“செடிதான் சரி பண்ணிச்சா, மாத்திரைய நிறுத்தினதே போதுமான்னு மூணாவது கூண்டப் பாத்தாத்தான் தெரியும்” என்றாள். “போன வாரம் இன்னா ஆச்சு தெரியுமாண்ணா? ரெண்டாவதுலயும் குட்டி, மூணாவதுலயும் குட்டி. ரெண்டும் ஒண்ணு போல. நான் செடியில ஏதோ கீதுன்னு அலைஞ்சேன். நிறுத்தினாலே போதும் போல கீது.”

எனக்குக் காதுக்குள் மேளம் கேட்டது. சாறும் வேண்டாம், கடத்தலும் வேண்டாம். சட்டைப் பையில் இருக்கும் அட்டையைத் தூக்கிப் போட்டால் போதும். எலி முன்னால் ஆடக்கூடாது என்பதால் தொப்பியை மட்டும் சரி செய்துகொண்டேன்.

நிவேதா இரண்டாம் கூண்டு எலிகளுக்கு ஒவ்வொன்றாகச் சாறு கொடுத்தாள். ஊசி போன்ற மொட்டைக் குழாயை வாய்க்குள் விட்டு, பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி. முடித்துவிட்டுக் கிண்ணத்தை மாமாவிடம் கொடுத்தாள். “மிச்சத்தக் கொட்டிடுங்கண்ணா” என்று சொல்லிவிட்டு எழுதப் போனாள்.

மிச்சம் இருந்தது. கிண்ணத்தில் கால்வாசி. மிச்சமே வராது என்றாரே மனுசர் என்று பின்னாலேயே போனேன். மாமா தொட்டிப் பக்கம் போகவில்லை. மூன்றாம் கூண்டின் தண்ணீர்ப் புட்டியைக் கழற்றி, சாற்றை அதில் ஊற்றி, குலுக்கி, திரும்ப மாட்டினார்.

“மாமா, என்ன பண்றீங்க?”

“ஷ்ஷ். கத்தாத. அதுங்களுக்கும் கொஞ்சம்.”

“அதுக்கு வெறும் தண்ணிதான்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே.”

“சொல்லுவாங்கோ. நீயே பாரு மாப்ள. ரெண்டு கூண்டுக்கும் அதே மாத்திரயக் குடுத்துப் படுக்க வெச்சாச்சு. அப்பால ஒருத்தனுக்கு மருந்து, பக்கத்துல கீறவனுக்குப் பச்சத்தண்ணி. அவன் இவனப் பாத்துக்கினே குந்திகினு கீறான். எத்தினி வருசமா பந்தி வெக்கிறேன் நான்? ஒரு எலைக்கு ரெண்டு பீஸுன்னா எல்லா எலைக்கும் ரெண்டு பீஸு. நடுவுல ஒரு எலைய உட்டுட்டுத் தாண்டிப் போறதுக்கு எனக்குக் கை வராது.”

“எத்தனை நாளா?”

“மொத நாள்லேர்ந்து.”

காதுக்குள் கேட்ட மேளம் நின்றுவிட்டது. மூன்றாம் கூண்டில் குட்டி பிறந்தது மாத்திரையை நிறுத்தியதாலா, மாமா ஊற்றிய மிச்சத்தாலா? இனி யாருக்கும் தெரியாது. நிவேதா அந்தப் பக்கம் உட்கார்ந்து, நிறுத்தினாலே போதும் என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

வெளியே வேப்ப மரத்தடிக்கு மாமாவை இழுத்துவந்தேன். “அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிருங்க.”

“வேல பூடும்.”

“சொல்லலைன்னா அது தப்பா எழுதிரும்.”

“எலிதான மாப்ள. இன்னாத்துக்கு நீ இப்டி வேர்த்து ஊத்துற?”

என்னிடம் எல்லாக் கேள்விக்கும் ஒரு சிரிப்புப் பதில் இருக்கும். அன்றைக்கு அது வேண்டாம் என்று விட்டேன். பையிலிருந்து அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

“கருப்பசாமின்னு யாரும் இல்ல மாமா. நான்தான்.”

“அது தடா வரிக்கும் தெரியும்” என்றார். ஆனால் குரலை இறக்கித்தான் சொன்னார்.

“வெள்ளிக்கிழமை செல்வி வயித்துல ஓட்டை போடப் போறாங்க. அவ மேல ஒரு குத்தமும் இல்லைன்னு சொல்ல எனக்கு ஒரே ஒரு நிச்சயமான சங்கதி வேணும். அதுக்குத்தான் வந்தேன். அந்த ரூமுக்குள்ள ஒண்ணு பொய்யின்னா, மத்ததை நான் எதை நம்பி வீட்ல போய்ச் சொல்றது?”

மாமா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன்.

அவர் சொன்னதும் நிவேதா கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் கூண்டைப் பார்த்தாள். “இத்தினி மாசம்ணா” என்றாள். கண் கலங்கியது. “அந்தக் கூண்டோட வேலையே இல்லாம இருக்கறதுதாண்ணா. அதுங்க ஒண்ணும் இல்லாம இருந்தாத்தான் நாம எதனா கத்துக்க முடியும்.”

“தப்புதான்மா. பாவமா இருந்திச்சு.”

“எனக்கு மட்டும் பாவமா இல்லியா? கடைசில இதுங்கள எல்லாம் அறுத்துப் பாக்கறதும் நான்தான?” அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தாள். எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தாள். “மூணாவது கூண்டு மொதல்லேர்ந்து. புது எலி. எங்க சார்கிட்ட நானே சொல்றேன். ஆனா இனிமே மிச்சத்த நான்தான் கொட்டுவேன்.”

மாமா தலையை ஆட்டினார். வேலை போகவில்லை. ஆனால் வேலை போயிருந்தால்கூட அவர் முகம் அவ்வளவு சின்னதாகியிருக்காது. சாறு இருந்த கிண்ணத்தை எடுத்துக் கழுவிவைத்தார்.

நான் உள்ளே போனேன். “ஒண்ணு கேக்கலாமாம்மா? இப்ப எல்லாமே தெரியாதுன்னு ஆயிருச்சு. நிச்சயமா தெரிஞ்சது ஏதாச்சும் இருக்கா?”

“யாருக்குண்ணா?” என்று கேட்டாள்.

“எனக்கு.”

மாத்திரை, செல்வி, வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாகத்தான் இருந்தது.

அவள் மூலையில் இருந்த இன்னொரு கூண்டைக் காட்டினாள். அதில் பெண் எலிகள். “மாத்திர சாப்பிட்ட ஆம்பள எலிங்களோட இதுங்கள உட்டோம். குட்டி இல்ல. அப்பால இதே எலிங்கள, ஒண்ணும் குடுக்காத மொத கூண்டு எலிங்களோட உட்டோம். எல்லாத்துக்கும் குட்டி. அது அண்ணன் மிச்சம் ஊத்தறதுக்கு முன்னாடி நடந்தது. அதுல சந்தேகம் இல்ல. பொட்ட எலி மேல ஒண்ணும் இல்லண்ணா.”

நான் அந்தக் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு எலி முன்னங்கால்களால் முகம் கழுவிக்கொண்டிருந்தது. யாரும் அதை எந்தக் கோயிலுக்கும் கூட்டிப்போகவில்லை.

“ஆனா எலி வேற, மனுசன் வேற” என்றாள் நிவேதா. “உங்களுக்கு எப்டின்னு டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, திரும்ப ரத்தம் போச்சுன்னா பேஜாரு. டாக்டர்கிட்ட வெளிப்படையா சொல்லுங்க, மாத்திக் குடுக்க வேற மாத்திர இருக்கும். அண்ணிக்கு ஓட்ட போடறதுக்கு முன்னாடி சொல்லுங்க.”

“அந்தச் சாறு?”

“எனக்கே தெரியாததை உங்களுக்கு எப்டிண்ணா குடுப்பேன்?”

மாமா என்னைத் திருவள்ளூர் ஸ்டேசனில் விட்டார். இறங்கும்போது, “நான் ஊத்தினதுல எதனா தப்பா ஆயிருக்குமா மாப்ள?” என்றார்.

“எலியெல்லாம் உங்களை வாழ்த்தும் மாமா. அந்தப் பொண்ணுதான் வாழ்த்தாது.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு மாத்திரை அட்டையை என் சட்டைப் பையில் போட்டுத் தட்டி, “பத்திரமா போ. தூங்கிடாத, அதே வண்டில திரும்பி அரக்கோணம் பூடப் போற” என்றார்.

நடைமேடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது அம்மா. வெள்ளிக்கிழமை காலையில் எத்தனை மணிக்கு வண்டி சொல்லியிருக்கிறது, செல்வி எதையெல்லாம் சாப்பிடக்கூடாது என்று ஆரம்பித்தாள்.

“அம்மா, அந்தத் தேதி வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு மொதல்ல நான் போறேன். டெஸ்ட் எனக்கு.”

“உனக்கு என்னடா கேடு? நீ ஆம்பள. நூறு கிலோ தூக்குறவன்.”

“அந்தக் கதையை நான்தான்மா சந்தையில சொல்லிக்கிட்டுத் திரியிறேன். நான் சாப்பிடுற மாத்திரைல கோளாறு இருக்கலாம். டப்பாவைக் குடுத்தாங்க, நான் ஓடியாந்துட்டேன். ஆறு வருசமா அவளை அலையவிட்டது நான். இனிமே அவளை ஒண்ணும் சொல்லாத.”

பெஞ்சின் மறுமுனையில் இருந்த ஆள் செய்தித்தாளை இறக்கி என்னைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டேன். பிறகு போன் கை மாறும் சத்தம். செல்விதான். பக்கத்திலேயே நின்று கேட்டிருக்க வேண்டும்.

மூக்கை உறிஞ்சினாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

“அந்த டப்பாவுல இருக்குற ஊசிநூல வேறதுல மாத்தி வைக்கட்டுமா?”

“வேணாம் புள்ள. அங்க புதுசு குடுப்பாங்க.”

“குடுத்தா ஓடியாந்துருவீங்க. நான் கூட வர்றேன். பின்வாசல்ல நிக்கிறேன்” என்றாள்.

ரயில் வந்தது. நாலாவது ஆளாக இடம் கிடைத்தது. தொடையில் நீர்முள்ளி முள் இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. சென்னை வரும்வரை நான் தூங்கவே இல்லை.